மாமா டேக் போட்ட படகு

நெய்வேலியில் பாய்மரப் படகைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால், அப்போது எங்கள் வரிசையில் குடியிருந்த நாலு வீட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் தூக்க மாட்டார்கள். நாங்கள் தூக்குவோம், இரண்டு கையையும் தூக்குவோம். கடல் பார்க்க வேண்டுமானால் பஸ் பிடித்துக் கடலூருக்குப் போக வேண்டிய ஊரில், எங்கள் குவார்ட்டர்ஸ் காம்பவுண்டுக்குள், முருங்கை மரத்துக்கும் சமையலறைச் சன்னலுக்கும் நடுவில், ஒரு மழைக்காலம் முழுக்கப் படகு நின்றது. பொய் சொன்னால் சாமி என் கண்ணைக் குத்தட்டும்.

படகு என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. பாண்டிச்சேரியில் படகு பழுது பார்க்கும் ஒரு கொட்டகையில் மெக்கானிக்காக இருந்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரர் சொந்த ஊருக்கே திரும்பிப் போகும்போது, இத்தனை வருஷம் தன் படகைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டதற்காக அதை மாமாவுக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கொடுத்தவர் மகராசர், விமானம் ஏறிவிட்டார். வாங்கியவருக்கு அதை நிறுத்த இடமில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. ஐப்பசி கார்த்திகையில் நம் கடற்கரையில் படகை விட்டு வைப்பதும் மாவுக்கு நாயைக் காவல் வைப்பதும் ஒன்று. மாமா யோசிக்கவே இல்லை. லாரியில் ஏற்றி நேராக அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் வாசலில் ஒரு வெள்ளைப் படகு, இரண்டு ஆட்டோவை ஒட்டி நிறுத்திய நீளம், கனத்த மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே குனிந்து போனால் படுக்க இரண்டு பலகை, ஒரு குட்டி அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கைப் பம்பு வைத்த ஒரு கக்கூஸ், பலகைக்கு அடியில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்ததெல்லாம் அதிலும் இருந்தது, சின்னதாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ராத்திரிச் சோறு படகில்தான் என்று அடம் பிடித்து ஒரு அடி வாங்கினேன்.

குவார்ட்டர்ஸுக்குள் ஆட்டுக் கொட்டகை போட்டாலே ஆபீசிலிருந்து ஆள் வருவார், படகுக்கு யார் வருவாரோ என்று அப்பா முதலில் பயந்தார். வரத்தான் வந்தார் ஒருவர். மறுநாள் தன் பிள்ளையைக் கூட்டிவந்து படகின் மூக்கில் உட்கார வைத்து, செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அப்பாவுக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

நிமிராதவள் அம்மா ஒருத்திதான்.

அம்மாவும் மாமாவும் தூத்துக்குடி. தாத்தா தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர். ஒரு தடவை தோணி திரும்பி வந்தது, தாத்தா வரவில்லை. அப்போது மாமா அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை. அம்மாதான் வளர்த்தாள். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தபோதும், கடல் கண்ணில் படாத ஊராக வாய்த்ததே என்றுதான் அவளுக்குச் சந்தோஷமாம். அப்படிப்பட்டவளின் சமையலறைச் சன்னலுக்கு எதிரே கொண்டுவந்து ஒரு படகை நிறுத்தினால் எப்படி இருக்கும்?

அது மட்டுமில்லை. தான் வேலை பார்த்த நிலக்கரி மைன்ஸில் மாமாவுக்குக் கான்ட்ராக்ட் வேலை ஒன்றை அப்பா சொல்லி வைத்திருந்தார். இன்றைக்குக் கான்ட்ராக்ட், நாளைக்கு என்றாவது பெர்மனென்ட். பெர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ், அடுத்த வரிசையிலேயே கிடைத்தாலும் கிடைக்கும். அப்புறம் ஒரு பெண் பார்த்துக் கட்டி வைத்துவிட்டால், தம்பி தன் கண் முன்னாலேயே இருப்பான். அம்மா மனசுக்குள் மாமாவுக்குப் பேரப்பிள்ளை வரை பார்த்துவிட்டிருந்தாள்.

மாமாவோ சோற்றைப் பிசைந்துகொண்டே, "யக்கா, தை பொறந்ததும் இதக் கடல்ல எறக்கிருவேன். ஊர் பாக்க வாரவங்களை ஏத்திக்கிட்டு ஓட்டுவேன். எனக்கு எதுக்கு மைன்ஸு?" என்றார்.

"ஏலே, நம்ம வீட்டுல ஒரு ஆளைத் தின்னது போதாதா அந்தக் கடலுக்கு?"

அப்பா சட்டென்று சாதம் போதும் என்று எழுந்துவிட்டார். அம்மா கத்தவில்லை. கத்தினால் கூடப் பரவாயில்லை, அவள் யோசித்தாள். அம்மா யோசித்தால் வீட்டில் யாருக்கோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

"சரி. இந்தச் சனியன் மழை முடியுத வரைக்கும் இங்க நிக்கட்டும். நீயே மூடு, நீயே தொற. ஒரு பய கை வைக்கக் கூடாது, உங்க அத்தானையும் சேத்துத்தான் சொல்லுதேன். தையில எஞ்சின் ஸ்டார்ட் ஆச்சுன்னா நீ போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆகலைன்னா இத எடைக்குப் போட்டுட்டு மைன்ஸ்ல சேந்துரணும்."

"சத்தியமா?"

"சத்தியம்டா."

அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. நெய்வேலி மழை அவளுக்குத் தெரியும். போன கார்த்திகையில் பின்கட்டில் விட்ட தையல் மெஷின் துருப்பிடித்து, சக்கரத்தைச் சுற்றவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒரு எஞ்சினா தாங்கும்? அந்த வாரமே அப்பாவோடு வடலூருக்குத் தீபாவளிச் சாமான் வாங்கப் போனவள், பாத்திரக் கடைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து பரணில் ஏற்றினாள். என்னம்மா என்று கேட்டேன். உனக்கு ஒன்றுமில்லை போ என்றாள். எனக்குப் பட்டாசுக் கவலை, விட்டுவிட்டேன்.

மாமா மறுநாளே வேலையை ஆரம்பித்தார். நானும் அம்மாவும் சன்னலில் நின்று வேடிக்கை பார்த்தோம். அம்மா வெங்காயம் உரிக்கிற சாக்கில் பார்ப்பாள். அப்படி எத்தனை வெங்காயம்தான் உரிப்பாளோ, அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லாமே வெங்காயக் குழம்பு.

முதலில் எஞ்சின். அது ஓடும்போது கடல் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளுமாம். அந்த உப்பு உள்ளே தங்கினால் அரித்துவிடும். மாமா ஒரு வாளி நல்ல தண்ணீரில் அதன் குழாயைப் போட்டு, எஞ்சினை ஓட்டி, வாளி வாளியாகக் குடிக்க வைத்தார். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினார். டீசல் தொட்டியைக் கழுத்து வரை நிரப்பினார். தொட்டியில் வெற்றிடம் இருந்தால் மழைக் குளிருக்கு அதில் வேர்த்துத் தண்ணீர் கோத்துக்கொள்ளும் என்றார். புகைக் குழாயில் எண்ணெய்த் துணி திணித்து அடைத்தார். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வடித்து, குழாய்களில் வாயை வைத்து ஊதிக் கடைசிச் சொட்டையும் வெளியே தள்ளினார். பேட்டரியைக் கழற்றி என் கட்டிலுக்கு அடியில் ஒரு பலகை மேல் வைத்தார். மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்ற வேண்டுமாம். அந்த மழைக்காலம் முழுக்க நான் ஒரு படகின் உயிர் மேல் படுத்துத் தூங்கினேன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பாயை அலசிக் காயப்போட்டதுதான் பெரிய கூத்து. எதிரெதிர் வீட்டுக் கம்பங்களுக்குக் குறுக்கே வெள்ளை வெளேரென்று கட்டிவிட்டார். சைக்கிளில் போனவர்களெல்லாம் இறங்கி, யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்டார்கள்.

எதிர்வீட்டுக்காரர் பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர். நிலத்தை மைன்ஸுக்குக் கொடுத்து வேலை வாங்கியவர், அப்பாவோடு பம்பு செக்ஷனில் இருந்தார். அவர் நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் காம்பவுண்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார். கக்கூஸ் பம்பின் ரப்பர் காய்ந்து போகாமல் இருக்க மாமா அதற்குள் விளக்கெண்ணெய் ஊற்றியதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எங்க வூட்ல கொயந்திங்களுக்கு வயிறு கயியணும்னு வெளக்கெண்ண குடுப்போம். நீங்க கக்கூஸுக்கே குடுத்துகினு இருக்கீங்களேங்க!"

அம்மா சன்னலில் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். மாமா நிமிர்ந்து பார்ப்பதற்குள் வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

எல்லாம் முடிந்து, பாய்மரத்தைப் படுக்க வைத்து அதன் மேல் நீலத் தார்ப்பாயைக் கூரை மாதிரி இழுத்துக் கட்டியாயிற்று. கடைசியாகப் பாக்கி இருந்தது படகின் அடியில் ஒரு துளை. அதற்குப் பித்தளையில் ஒரு திருகு அடைப்பு, அப்பா பாஷையில் டிரெயின் பிளக். கரையில் நிற்கும் படகுக்கு அதைக் கழற்றியே வைக்க வேண்டும், தப்பித் தவறி உள்ளே இறங்கும் தண்ணீர் அது வழியே போய்விடும். மாமா கழற்றியும் வைத்தார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து துளையைக் குனிந்து பார்த்தார்.

"மழ காலம்ங்க. இம்மாம் பெரிய ஓட்டய தொறந்து வெச்சினு போறீங்களே, நல்ல பாம்பு பூந்துகினா யாரு எறங்கி எடுக்கறது?"

இது கடற்கரைக்காரர்கள் யாருக்கும் தோன்றாது. எங்கள் ஊரில் முதலில் தோன்றுவதே அதுதான். மழை பெய்தால் ஷூவை உதறாமல் யாரும் காலை விட மாட்டோம். எந்த அலைக்கும் அசையாத மாமா, பாம்பு என்றதும் வெளுத்துப் போனார். தார்ப்பாய்தான் இருக்கிறதே, தண்ணீர் எங்கே இறங்கப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடைப்பைத் திருகி ஸ்பானர் போட்டு இறுக்கிவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், என் மாமாவுக்குப் பாம்பில் சறுக்கியது.

அப்பா தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். "மாப்ள, வரிசைப் பசங்க ஏறிக் கப்பல் ஓட்டுவாங்க. ஒரு டேக் போட்டுட்டுப் போ. எவனும் தொட மாட்டான்."

டேக் என்பது சிவப்பு அட்டை. மைன்ஸில் ஒரு மெஷினுக்குள் கையை விடுவதற்கு முன்னால் சுவிட்சைப் பூட்டி, அதில் தன் பெயர் எழுதிய சிவப்பு டேக்கை மாட்ட வேண்டும். போட்டவன்தான் எடுக்க வேண்டும், அவனைக் கேட்காமல் கடவுளே வந்தாலும் எடுக்கக் கூடாது. அப்பாவுக்கு இது வெறும் சட்டமில்லை. நெய்வேலிக்கு வருவதற்கு முன்னால் தெற்கே ஒரு சின்ன ஆலையில் வேலை பார்த்தார். அங்கே டேக்கும் கிடையாது, பூட்டும் கிடையாது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் ஒருவன் சுவிட்சைப் போட்டு, அப்பாவின் சிநேகிதனுக்கு வலது கை போயிற்று. அன்றிலிருந்து அப்பா வீட்டில் அயர்ன் பாக்ஸ் பிரித்தால்கூடப் பிளக்கில் டேக் மாட்டிவிட்டுத்தான் பிரிப்பார். எங்கள் வரிசை ஆண்கள் எல்லோரும் அப்படித்தான்.

மாமா தன் பெயரை எழுதி, அந்த டிரெயின் பிளக்கின் தலையிலேயே டேக்கைக் கம்பியால் முறுக்கிக் கட்டினார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "யக்கா, நான் மூடி வெச்சா மூடி வெச்சதுதான். தையில பாரு," என்றார். சாயங்கால பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார்.

தீபாவளி வரை தூறல்தான். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு, படகை ஒரு சுற்று சுற்றித் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கார்த்திகையில்தான் வானம் பொத்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை, கலெக்டர் லீவு விட்டார். நான் காலையில் ஆனந்தமாகப் போர்வைக்குள் புரண்டுகொண்டிருந்தபோது வெளியே படாரென்று ஒரு சத்தம். முருங்கைக் கிளை ஒன்று முறிந்து தார்ப்பாயின் மேல் விழுந்து அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. கெட்ட நேரத்துக்கு அந்த இடத்துக்கு நேர் மேலேதான் எங்கள் மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாயும் இருந்தது. மாடித் தண்ணீர் மொத்தமும் படகுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போகத்தான் வழி. வெளியே வரும் வழியைப் பாம்புக்குப் பயந்து மாமா இறுக்கிவிட்டாரே.

அப்பா அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். குடையோடு ஓடினார். எதிர்வீட்டுக்காரர் கையில் ஸ்பானரோடு ஓடி வந்தார். இன்னும் இரண்டு வீட்டு ஆண்களும் வந்தார்கள். மேலே ஏறிக் குனிந்து பார்த்த அப்பா, எஞ்சினுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நிற்கிறது என்று கத்தினார். பாரம் ஏற ஏற அடியில் இருந்த கட்டைகள் ஈர மண்ணில் புதைந்து, படகு சமையலறைப் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. பிளக்கைத் திருகினால் போதும். எதிர்வீட்டுக்காரர் ஸ்பானரோடு குனிந்தார்.

குனிந்தவர் அப்படியே நிமிர்ந்துவிட்டார். "டேக் இருக்குதுங்க," என்றார்.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். டேக் இருந்தது.

இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியாது. அந்த நாலு பேரும் யார் தெரியுமா? மைன்ஸுக்கு அடியிலிருந்து ஊறும் தண்ணீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கமே மூழ்கிவிடும். அந்தத் தண்ணீரை இறைக்கிறவர்கள். ஆயுசு முழுக்கத் தண்ணீரை வெளியேற்றிச் சம்பளம் வாங்கியவர்கள், குடை பிடித்துக்கொண்டு ஒரு படகு நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போனைப் போடு என்றார்கள். அப்பா போட்டார். மாமா தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டார். மறுபடியும் எல்லைக்கு வெளியே.

"டேக் போட்ட ஆளு கெடைக்கலன்னா இன்சார்ஜ் பாத்து எடுக்கலாம்ங்க. ரூல்ஸு கீதே," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"இங்க யாரு இன்சார்ஜ்?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா சமையலறைச் சன்னலைப் பார்த்தார்.

சன்னலில் அம்மா நின்றிருந்தாள். அடுப்பில் தோசை தீய்ந்துகொண்டிருந்தது, அவள் திருப்பவில்லை. பக்கத்தில் நான். எனக்குக் கணக்கு பளிச்சென்று புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம். எஞ்சின் மூழ்கிவிடும். தையில் ஸ்டார்ட் ஆகாது. மாமா எங்களோடேயே இருந்துவிடுவார், என்றென்றைக்கும். எடைக்குப் போடக் கூடாது என்று அழுது அடம் பிடித்தால் படகும் எனக்கே எனக்கு. நான் எம்பி அம்மாவின் காதில் சொன்னேன்: "விட்டுரும்மா. நாம ஒண்ணுமே செய்ய வேணாம். மாமா இங்கயே இருந்துருவாரு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அடுப்பை அணைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கினாள்.

"டேக் இருக்கு," என்றார் அப்பா.

"உங்க டேக்கு உங்க மைன்ஸ்ல. இது என் வீடு. அண்ணே, அந்த ஸ்பானரக் குடுங்க."

சேற்றில் மல்லாக்கப் படுத்துப் படகுக்கு அடியில் போனாள். அது அவள் பக்கமாகத்தான் சாய்ந்துகொண்டிருந்தது. அப்பா அலறிக்கொண்டு ஓடி முதுகைக் கொடுத்துப் படகைத் தாங்கினார். டேக்கைத் தொடக் கூடாதே தவிர படகைத் தாங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே. மற்றவர்களும் குடையை எறிந்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் முட்டுக் கொடுத்தார்கள். அம்மா கம்பியைக் கையாலேயே முறுக்கி அவிழ்த்து டேக்கை இடுப்பில் செருகினாள். பிளக்கைத் திருகினாள். அது கழன்றதும் தண்ணீர் பீறிட்டு அவள் முகத்திலேயே அடித்தது. இருமிக்கொண்டே வெளியே உருண்டு வந்து, சேற்றில் உட்கார்ந்து, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகு மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

அம்மாதான் பேசினாள்.

"வாரவன்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. அவன் மூடுனபடியே இருந்துச்சு, அவ்வளவுதான். போய்க் காப்பி குடிங்க."

ஆண்கள் தலையாட்டினார்கள். சட்டம் உடைந்ததும் அவர்களுக்கும் குளிர் விட்டுவிட்டது போலிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் மழையோடு மழையாக வடக்குத்துக்குப் போய், முந்திரி காயப்போடும் தார்ப்பாயைக் கொண்டுவந்தார். நல்ல வேளையாக அதுவும் அதே நீலம். அப்பா மாடிக் குழாயை வேறு பக்கம் திருப்பினார்.

மத்தியானம் அம்மா படகுக்குள் ஏறினாள். நான் டார்ச் பிடித்தேன். மிச்சத் தண்ணீரைச் சிரட்டையால் வழித்து எடுத்தாள். எஞ்சினைப் பழைய வேட்டியால் துடைத்து எண்ணெய் போட்டாள். புகைக் குழாயில் இருந்த நனைந்த துணியை உருவிவிட்டுப் புதுசு திணித்தாள். கக்கூஸ் பம்புக்கு விளக்கெண்ணெய்கூட மறக்கவில்லை. மாமா செய்ததை எல்லாம் வரிசை பிசகாமல் செய்தாள். அத்தனை வெங்காயமும் வீண் போகவில்லை. பாம்பு வராமலிருக்க அந்தத் துளைக்கு எங்கள் டீ வடிகட்டியைக் கவிழ்த்துக் கட்டினாள். அப்புறம் தை வரை எங்கள் வீட்டில் டீயைத் துணியில்தான் வடிகட்டினோம். துணி வாசம் அடிக்கும் அந்த டீயை அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார்.

எனக்குத்தான் ஆற்றாமை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டே அழுதேன். "நீதானே பந்தயம் கட்டினே? நீயே ஏம்மா தோக்கறே? விட்டிருந்தா மாமா இருந்திருப்பாருல்ல?"

"இருந்திருப்பான்," என்றாள் அம்மா. "டார்ச்ச நேரா பிடி."

மார்கழியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வந்த மாமாவைப் படகடியில் குனிய விடாமல், சோறு போட்டே அம்மா பஸ் ஏற்றிவிட்டாள். தையில் அவர் வருவதற்கு முந்தின நாள் அவளே பிளக்கைத் திருகி, டேக்கைப் பழையபடி கம்பி முறுக்கிக் கட்டி வைத்தாள்.

வடலூர் தைப்பூசத்துக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்த நேரம் மாமா வந்தார். வரிசையே எங்கள் காம்பவுண்டில் கூடிவிட்டது. மாமா தன் டேக்கைத் தானே எடுத்தார், அதைப் பார்த்து அப்பா மரியாதையாகத் தலையை ஆட்டினார். பேட்டரியை மாட்டி, துணியை உருவி, கைப்பிடியைப் போட்டு மாமா சுற்றினார். எஞ்சின் இருமியது, ஒரு குடம் கறுப்புப் புகையைக் கக்கியது, டக டகவென்று ஓட ஆரம்பித்தது. வரிசையே கை தட்டியது. எதிர்வீட்டுக்காரர் விசிலே அடித்தார்.

மாமா படகின் மேல் ஏறி நின்றுகொண்டு சொன்னார்: "பாத்தியா யக்கா? ஒரு பய தொடலை. நான் மூடி வெச்சா மூடி வெச்சதுதான்!"

அத்தனை பேரும், ரூல்ஸ் ரூல்ஸ் என்று உயிரை விடுகிற என் அப்பா உட்பட, ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் வாயைத் திறந்தேன். தொடையில் சுரீரென்று ஒரு கிள்ளு. அம்மா முகத்தைத் திருப்பாமலே கிள்ளியிருந்தாள். டேக்கைத் தொட்டது தெரிந்தால் மாமா திட்டுவார் என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"பொகைய அந்தப் பக்கம் திருப்புலே. துணி காயுது," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

படகு லாரி ஏறிப் போனது. மாமா நினைத்தபடி அதைக் கடலில் இறக்கினார், ஓட்டினார், இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். தன்னை விடக் கெட்டிக்காரன் பாண்டிச்சேரியில் இல்லை என்ற நினைப்பு அவருக்கு. அந்த நினைப்பில்தான் ஓட்டுகிறார். இதுவரை யாரும் அதைக் கெடுக்கவில்லை.

அந்த ஜூனில் நான் ஆறாம் வகுப்பு. பெரிய பள்ளிக்கூடம், மத்தியானச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். முதல் நாள் காலையில் அம்மா பரணில் ஏறி, தீபாவளிக்கு வாங்கிய அந்தப் பாத்திரக் கடைப் பொட்டலத்தை இறக்கிப் பிரித்தாள். உள்ளே பளபளவென்று ஒரு டிபன் கேரியர். மூன்று அடுக்கு. ஷிப்ட்டுக்குப் போகிற ஆண்கள் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போவார்களே, அந்த அளவு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் கையில் சின்னச் சின்ன டப்பா இருக்கும், நான் இதைத் தூக்கிக்கொண்டு போனால் மைன்ஸுக்கா என்று கேட்பார்கள். மேல் மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மாமாவின் பெயர்.

"ஏம்மா, மாமா பேரு போட்டிருக்கு?"

அம்மா சாதத்தை அடைத்துக்கொண்டே சொன்னாள்: "கடைக்காரன் மாத்தி வெட்டிட்டான்."

நான் நம்பினேன். அந்தக் கடைக்காரனுக்கு மாமாவின் பெயர் எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அன்றைக்கு இருந்த கவலை எல்லாம், அந்த அடித்தட்டு வரைக்கும் நான் ஒருத்தியே சாப்பிட்டு முடிக்க வேண்டுமே என்பதுதான்.